நீட் எழுத 17 போதும், ஓட்டுப் போட 18 வேணும்: அரியலூர்ல இருந்து ஒரு வயசுக் கணக்கு

இன்னைக்கு எபிசோடு ஓட்டுப் போடுற வயசைப் பத்தி. 18-ஐ 16 ஆக்கலாமா, இன்னும் கீழே இறங்கி பசங்களுக்கும் கொடுக்கலாமா? கேட்டதும் சிரிப்பு வரும். அதனால தத்துவத்தை விட்டுட்டு ஒரு நிஜக் கணக்குல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அரியலூர் மாவட்டம், செந்துறை பக்கத்துல குழுமூர். அந்த ஊர் அனிதாவை உங்க எல்லாருக்கும் தெரியும். கூலித் தொழிலாளியோட மகள். 2017 பிளஸ் டூவில் 1200-க்கு 1176. பழைய முறைப்படி மருத்துவ கட்-ஆஃப் 196.75. முந்தின வருஷம் வரைக்கும் தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு நீட் கிடையாது. அந்த வருஷம் இருக்கா இல்லையான்னு கடைசி வரைக்கும் இழுத்தாங்க. 2017 பிப்ரவரியில் சட்டமன்றம் விலக்கு மசோதா நிறைவேற்றுச்சு, அதுக்கு ஒப்புதல் வரல. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு, அனிதாவும் அதில் ஒரு தரப்பா சேர்ந்தாங்க. ஆகஸ்ட் 22-ல் நீட்படிதான் சேர்க்கைன்னு முடிவாச்சு. செப்டம்பர் 1-ஆம் தேதி அனிதா உயிரை மாய்த்துக்கொண்டார். வயசு 17. (இதைக் கேட்கும்போது மனசு கனமா இருந்தா 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம்தான்.)

நீட் சரியா தப்பான்னு இன்னைக்குப் பேசப் போறதில்ல. முடிவெடுத்தவங்களைத் தேர்ந்தெடுத்தது யார்னு மட்டும் பார்ப்போம். அனிதா பிறந்தது 2000 மார்ச். 2014 மக்களவைத் தேர்தலப்போ 14 வயசு. 2016 மே சட்டமன்றத் தேர்தலப்போ 16. மசோதா போட்ட சபையிலும், டெல்லியில் அதைக் கையாண்ட ஆட்சியிலும் அவங்க ஓட்டு இல்ல.

சரி, ஓட்டு வயசு அப்பவே 16-ன்னு இருந்திருந்தா? அப்பவும் கிடைச்சிருக்காது. அன்றைய விதிப்படி ஜனவரி 1 அன்று வயசு நிரம்பியிருக்கணும். 2016 ஜனவரி 1-ல் அவங்களுக்கு 15. ரெண்டே மாசத்துல தவறிப் போயிருக்கும். கோடு எழுதுறவங்க இதை எட்ஜ் கேஸ்னு சொல்லித் தள்ளிடுவோம். ஆனா இது எட்ஜ் கேஸே இல்ல. நீட் எழுதக் குறைந்தபட்ச வயசு 17. தேர்தல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. அப்போ முதல் தடவை அந்தத் தேர்வு எழுதுற பெரும்பாலானவங்க, தங்களுக்கான விதியை எழுதின சபையைத் தேர்ந்தெடுக்காதவங்கதான். ஒவ்வொரு பேட்சும் இப்படித்தான்.

இந்த 18 ஒண்ணும் வானத்துல இருந்து விழுந்த எண் இல்ல. 1989 வரைக்கும் இந்தியாவில் 21. ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்த 61-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் 18 ஆக்குச்சு. (அந்த வருஷக் கடைசியில் நடந்த தேர்தல்லயே அவர் ஆட்சி போயிடுச்சு. புது வாக்காளர்கள் நன்றிக்கடன் தீர்ப்பாங்கன்னு எந்தக் கட்சியும் நம்பி இறங்க முடியாது.) மத்த வயசுகளும் ஆளுக்கொரு பக்கம்தான்: 50 சிசிக்குள்ள கியர் இல்லாத வண்டி ஓட்ட 16, ஆணுக்குக் கல்யாணம் 21, எம்.எல்.ஏ. ஆக 25. அதனால ஓட்டு வயசைக் குறைச்சா கல்யாண வயசும் தானா இறங்கிடும்னு பயப்பட வேண்டியதில்ல. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிச் சட்டம்.

"அப்பா சொல்ற சின்னத்துலதான் குத்துவாங்க" - வழக்கமான எதிர்ப்பு இது. பெண்களுக்கு ஓட்டு கேட்டப்போ 'புருஷன் சொல்ற ஆளுக்குத்தான் போடுவாங்க'ன்னாங்க. ரகசிய வாக்கெடுப்பு இருக்கிறதே அதுக்காகத்தான். "பசங்க விலை போயிடுவாங்க"ன்னும் சொல்றாங்க. பணப் பட்டுவாடா புகாரில் 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே ரத்து செஞ்சாங்க. அந்தத் தொகுதி வாக்காளர் பட்டியல்ல 18-க்குக் கீழ ஒருத்தர்கூடக் கிடையாது.

என்னை உண்மையிலேயே மாத்தின வாதம் வேற. ஆஸ்திரியா 2007-ல் தேசியத் தேர்தல்களுக்கும் வயசை 16 ஆக்குச்சு. அங்கே நடந்த ஆய்வுகள்ல, 16-17 வயசுக்காரங்க 18-20 வயசுக்காரங்களை விட அதிகமா ஓட்டுப் போட்டது தெரிஞ்சுது. முக்கியமான காரணமாச் சொல்றது, அவங்க இன்னும் வீட்டுல இருக்காங்க, பள்ளிக்கூடம் போறாங்க.

இதை பெரம்பலூர்ல வச்சு யோசிங்க. 18 நிரம்புற நேரத்துல அந்தப் புள்ள திருச்சியிலயோ சென்னையிலயோ ஹாஸ்டல்ல இருக்கும். பேரு மட்டும் ஊர்ப் பட்டியல்ல. முதல் ஓட்டுப் போட ராத்திரி பஸ் பிடிச்சு ஊருக்குப் போகணும், அடுத்த நாள் லேப் இருக்கும். இதைக் கேட்குற உங்கள்ல பல பேருக்கு முதல் ஓட்டு இப்படித்தான் போயிருக்கும். 16 வயசுல ஊர்லயே இருக்கோம். நிறைய ஊர்ல படிக்கிற வகுப்பறைதான் வாக்குச்சாவடியே. முதல் தடவை போட்டுப் பழகினவங்க அப்புறமும் போடுவாங்க. 18-ங்கிறது ஒரு பழக்கத்தை ஆரம்பிக்க ரொம்ப மோசமான வயசு.

ஆனா மக்களவை, சட்டமன்றத்துக்கு வயசைக் குறைக்க மறுபடி அரசியல் சட்டத்தைத் திருத்தணும். 326-வது பிரிவு 18-ன்னு எழுதியே வச்சிருக்கு. அந்தப் பிரிவு பேசுறது இந்த ரெண்டு சபையை மட்டும்தான். உள்ளாட்சியைப் பத்தின பகுதியில் வாக்காளர் வயசு குறிப்பிடப்படல. தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலையே எடுத்துப் பயன்படுத்துறாங்க. நான் வக்கீல் இல்ல. படிச்ச வரைக்கும், ஊராட்சித் தேர்தலுக்கு மட்டும் 16-ன்னு வைக்க மாநிலச் சட்டத்தைத் திருத்தினாலே வழி இருக்கு. ஸ்காட்லாந்தும் 2014 பொது வாக்கெடுப்புல 16 வயசை ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் தன் நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கொண்டு வந்துச்சு.

ஊராட்சின்னா குழாயும் தெருவிளக்கும் மட்டும்தானேன்னு நினைக்காதீங்க. அரியலூர் சிமெண்ட் ஊர், சுண்ணாம்புக்கல் ஊர். 2015-ல் திருத்தின கனிமச் சட்டப்படி புதுச் சுரங்கக் குத்தகை 50 வருஷம். இன்னைக்கு லாரிப் புழுதிக்கு நடுவுல சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற 12 வயசுப் பொண்ணுக்கு, அது முடியும்போது 62 வயசு. கிராம சபையில் அதைப் பத்திப் பேச்சு வந்தா, உறுப்பினரா எழுந்து நிக்க வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். அந்தப் பொண்ணுக்கு இல்ல.

பிரிட்டன்ல அரசியல் பேராசிரியர் டேவிட் ரன்சிமன் 6 வயசுக்கே ஓட்டுக் கொடுக்கலாம்னு சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகல. 16-க்குக் கீழ உள்ளவங்களுக்கு கர்நாடகா வழி பிடிச்சிருக்கு. அங்கே ஊராட்சிகள்ல பசங்களுக்குன்னே தனி கிராம சபை நடத்துறாங்க, பேரு 'மக்கள கிராம சபா'. கன்னடத்தில் மக்களுன்னா குழந்தைகள். நம்மகிட்டயும் மக்கட்பேறுன்னு சொல்றப்போ அதே அர்த்தம்தான். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கிராம சபை நடக்குது. அதில் நவம்பர் 1 கூட்டத்துக்கு முன்னாடி பசங்க சபை ஒண்ணு கூட்டி, அவங்க தீர்மானத்தைப் பெரியவங்க சபையில் படிச்சு, பதில் எழுதணும்னு ஒரு அரசாணை போட்டாலே போதும்.

அதுவரைக்கும் ஒரு சின்ன விஷயம், வீட்டுல தம்பி தங்கச்சி இருக்கிறவங்களுக்கு. 2022-ல் இருந்து ஜனவரி 1 மட்டும் இல்ல. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1-ம் தகுதி நாள்தான். 17 முடிஞ்சதுமே படிவம் 6 முன்கூட்டியே கொடுக்கலாம். 18 நிரம்பினதும் பேர் சேர்ந்திடும். ஆன்லைன்லயே பண்ணலாம். ஹாஸ்டலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே பண்ணிடச் சொல்லுங்க.