போதகரும் பாடகரும்: சபை வாசலில் இருவர்

காஜாங் என்றதும் பலருக்குச் சாத்தேதான் நினைவுக்கு வரும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த தமிழர்களில் சிலர் கோயிலுக்கும் சிலர் தேவாலயத்துக்கும் புறப்படும் வேளை அது. நான் கோயிலுக்குப் போகிறவன். இருந்தும் நண்பர்களோடு தமிழ்ச் சபைகளுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். புதிதாக வருபவரைச் சபையோடு சேர்ப்பவர்கள் இருவர் என்பதை அங்கே கண்டேன். ஒருவர் போதகர், மற்றவர் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். “வாங்க, உட்காருங்க” என்று போதகர் கைகுலுக்கி வரவேற்கலாம். ஆனால் அடுத்த ஒரு மணி நேரமும் பாட்டு வாயில் நுழையவில்லை என்றால், வந்தவர் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போய்விடுவார்.

தமிழ் பயிலும் நாம் வீரமாமுனிவரையும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையையும் இலக்கிய வரலாற்றில் படிக்கிறோம். சபையில் மக்கள் பாடும் பாட்டைப் படிப்பதில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் போக்கவே இக்கட்டுரை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த ஜெர்மானியரும் தம் நாட்டுப் பாடல்களைத் தமிழாக்கினார்கள். மெட்டு அவர்களுடையது, சொல் நம்முடையது. லுத்தரன் சபையார் ஞானப்பாட்டு என்றும் தென்னிந்தியத் திருச்சபையார் பாமாலை என்றும் குறிப்பிடுவது பெரும்பாலும் இவ்வகையைத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய மெட்டு அசை அழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழோ குறில் நெடிலை நம்பி நடப்பது. மெட்டில் நீளும் சுரத்தில் குறில் வந்து விழுந்தால் சொல் சிதைகிறது. ‘மரம்’ என்பதை ‘மாரம்’ என்று இழுத்துப் பாடிப் பாருங்கள். யாப்பிலக்கண வகுப்பில் தூங்கியவருக்கும் காது உண்மையைச் சொல்லிவிடும்!

இந்த இடத்தில்தான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வருகிறார். திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறு வயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தவர் போதகர் சுவார்ட்ஸ். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் மாணவரே. சாஸ்திரியார் குறவஞ்சி, கும்மி, கீர்த்தனை என நம் வடிவங்களிலேயே பாடினார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கீர்த்தனையின் அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. சரணத்தைத் தலைவர் பாடுவார். பல்லவிக்குத் திரும்பும்போது சபை சேர்ந்துகொள்ளும். இரண்டாம் முறை பல்லவி வரும்போது எழுத்தறியாத கிழவியும் பாடத் தொடங்கிவிடுவார். புத்தகம் தேவையில்லை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இதன் அருமையை உணர்ந்து சாஸ்திரியாரை நாடினார். 1853இல் அவர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பின் வழியாக இப்பாடல்கள் சபை தோறும் பரவின.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார், எல்லாச் சாதியினரும் சேர்ந்து அமர வேண்டும், நற்கருணையை ஒரே கிண்ணத்தில் பெற வேண்டும் என்றார்கள். கூடவே, விழாக்களில் தமிழிசையும் பூமாலையும் கூடாது என்றும் சொன்னார்கள். வேளாளர் மரபினரான சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்தார். சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நூலே எழுதினார். விளைவு, 1829 வாக்கில் மிஷன் வேலை போயிற்று. சரபோஜி மன்னர்தான் ஆதரித்தார். யாரும் பாடக்கூடிய பாட்டைத் தந்தவர், யாரும் பக்கத்தில் உட்காருவதை ஏற்கவில்லை. எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்த நினைத்தவர்களோ, அவர்கள் வாயிலிருந்த பாட்டைப் பிடுங்கப் பார்த்தார்கள். இருவரில் எவர் பக்கமும் முழுமனதாகச் சாய என்னால் முடியவில்லை.

இடையில் வந்தவர்களில், கருணாமிர்த சாகரம் (1917) தந்த ஆபிரகாம் பண்டிதரும், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1931இல் வெளியிட்ட பாப்லியும் கிறிஸ்தவ இசைக்கும் உழைத்தவர்கள் என்பதை மட்டும் சொல்லிக் கடக்கிறேன்.

என்னை மிகவும் கவர்ந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பரட்டை’ என்ற பெயரால் அறியப்பட்டவர். போதகரும் அவரே, இசைஞரும் அவரே. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்சாதிக் காதுக்கே உரியது என்பது அவர் வாதம். கிராமத்துத் தலித் மக்கள் வயலில் பாடும் மெட்டும் பேசும் பேச்சும் வழிபாட்டுக்குள் வர வேண்டும் என்றார். வழிபாட்டு முறையையே நாட்டுப்புற இசையில் அமைத்தார். தீண்டாமையின் அடையாளமாக ஒதுக்கப்பட்ட பறை அவருடைய இசையில் மதிப்போடு முழங்கியது. பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கேற்ப பாட்டை மாற்றிக்கொள்ளலாம், அதுவே நாட்டுப்புற இசையின் பலம் என்பதும் அவர் கருத்து. ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பது அவருடைய இறையியலின் உயிர்நாடி. தஞ்சையில் பிரிந்துபோன பந்தியும் பாட்டும் அவரிடம் ஒன்று சேர்ந்தன என்றால் அது மிகையாகாது. இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. நம் தோட்டங்களிலும் தப்பு அடித்தவரை எங்கே நிறுத்தினோம் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். 1924இல் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயம் போன்றவற்றைக் கட்டிய தலைமுறை இங்கு வந்தபோது, ஞானப்பாட்டையும் கீர்த்தனையையும் சுமந்து வந்தது. யாழ்ப்பாணத்து எழுத்தரும் திருநெல்வேலி ஆசிரியரும் தோட்டத் தொழிலாளியும் சேர்ந்த நாட்டில், எந்தப் பாட்டை எடுப்பது என்பதே யாரை உள்ளே அழைக்கிறோம் என்பதைக் காட்டிவிடும்.

இன்று சிக்கல் வேறு உருவம் எடுத்திருக்கிறது. காஜாங்கில் ஒரு சபையில் கீபோர்ட் வாசிக்கும் நண்பர் இரண்டு செய்திகள் சொன்னார். முதலாவது, சுருதி. தனியாகப் பாடும் ஆணுக்கு 1 அல்லது 2 கட்டை, பெண்ணுக்கு 5 கட்டை வசதி. சபையிலோ இரு பாலாரும் ஒரே சுருதியில் பாட வேண்டும். மெட்டு மேல் ஸட்ஜத்தைத் தாண்டினால் பயிற்சி இல்லாதவர் வாயை மூடிக்கொள்வார். அதனால் தம் குரலுக்கு இதமான சுருதியை விட்டுவிட்டு, பின்வரிசைப் பெரியவர்களின் குரலுக்கு இறக்கி வாசிக்கிறார்.

இரண்டாவது, எழுத்து. தேசியப் பள்ளியில் படித்த இளையோர் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திரையில் தமிழ் வரிக்குக் கீழே ரோமன் எழுத்திலும் வரி ஓடுகிறது. அது இல்லாவிட்டால் அவர்கள் சபையைவிட்டே போய்விடுவார்கள் என்பது போதகரின் அச்சம். அதையே நம்பினால் தமிழ் எழுத்து போய்விடும் என்பது மூத்தோரின் கோபம். இரண்டும் நியாயந்தான். ரோமனில் எழுதிய ழகரம் பிள்ளைகள் வாயில் படும் பாட்டை நான் கேட்டிருக்கிறேன்; ‘வாழ்வு’ லகரமாகவும் ஸகரமாகவும் மாறி ஒலிக்கிறது. நண்பர் சனிக்கிழமை மாலைப் பயிற்சியில் திரையை அணைத்துவிடுகிறார். பல்லவியை மட்டும் அவர் பாட, பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாடுகிறார்கள். ழகரம் சரியாக வந்த பிறகே சரணத்துக்குப் போகிறார்.