அரசாங்க வீடும் வாடகை நிலுவையும்

வறியோர் குடியிருக்க அரசாங்கம் வீடு கட்டிக் கொடுப்பது சிறந்த அறமாகும். ஆயின், அவ்வீட்டின் வாடகை செலுத்தப்படாதுவிடின் அச்சுமையைத் தாங்குபவர் யார்? இவ்வினாவை ஆராய நியூசிலாந்தின் வரலாறு நமக்குத் துணைபுரிகின்றது.

1937ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள், வெலிங்டன் நகரின் மிராமார்ப் பகுதியில், தொழிற்கட்சி அரசாங்கம் கட்டிய முதல் வீடு திறக்கப்பட்டது. பிரதமர் மைக்கேல் ஜோசப் சவேஜ் தாமே உணவு மேசையைச் சுமந்துசென்று உள்ளே வைத்தார். தொழிலாளிக்கும் மதிப்புடன் வாழ ஓர் இல்லம் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் கருத்து.

2000ஆம் ஆண்டில், அரசாங்க வீட்டில் வாழ்வோருக்கு நிகர வருமானத்தின் 25 வீதமே வாடகையென மீண்டும் விதிக்கப்பட்டது. சந்தை வாடகையில் எஞ்சிய பகுதியைத் திறைசேரி ஏற்றது. எனவே, இவ்வீடுகளில் வாடகை நிலுவையாகும்போது, முன்னரே உதவிய வரியிறுப்பாளர் மறுமுறையும் இழக்கின்றார். அவர்களுள் தனியார் வீட்டில், அத்தகைய வரம்பு எதுவுமின்றி வாடகை கொடுத்து அல்லலுறும் தொழிலாளியும் ஒருவர் அன்றோ? அவர் முறையிடுவதில் நியாயமுண்டு.

அவ்வாறாயின் நிலுவை வைத்தோரை உடனே வெளியேற்றலாமே என்பர் சிலர். வெளியேற்றப்பட்ட குடும்பம் மறைந்துவிடுவதில்லை. பிள்ளைகளின் கல்வி குலைகின்றது. அவசரத் தங்குமிடமாக விடுதி அறையை நாடவேண்டியும் வருகின்றது. அச்செலவும் பொதுப் பணத்திலிருந்தே செல்கின்றது.

2019இல் அமைந்த 'கைங்கா ஓரா' என்னும் வீடமைப்பு நிறுவனம், வெளியேற்றத்தை இயன்றவரை தவிர்த்தது. நிலுவையோ பெருகிற்று. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் அக்கொள்கையைக் கைவிடப் பணித்தது. பின்னர், நிலுவை 12 வார வாடகைக்கு மேற்படலாகாதென வரம்பு செய்யப்பட்டு, அதற்கு மேற்பட்ட பழங்கடன் தள்ளப்பட்டது. தவறாது வாடகை செலுத்திவந்த அயலவர் இதைக் கண்டு மனம் வருந்துவது இயல்பே. எனினும், ஏழை ஒருபோதும் தீர்க்கவியலாத கடனைக் கணக்கேட்டில் வைத்திருப்பதால் ஆவது யாது?

குறை கடனிலன்று, காலந்தாழ்த்தலிலேயே உள்ளது என்பது நமது கருத்து. முதல் வார வாடகை தவறியபோதே அலுவலர் வீட்டை அணுகிக் காரணம் வினவுதல் வேண்டும். நோயோ வேலையிழப்போ எனின் தவணை வகுத்தளிக்கலாம். கொடுக்க வல்லவர் மறுப்பாராயின் சட்டத்தை நாடலாம். இயலாமைக்கு இரக்கமும் ஏய்ப்புக்குக் கண்டிப்பும் காட்டுமிடத்து, வரியிறுப்போர் மனமுவந்து கொடுப்பர். வறியோர் இல்லமும் நிலைபெறும்.