பளிச் பளிச் இண்டிகேட்டர்!

'என்ன மச்சி, உன் வண்டி இண்டிகேட்டர் டைப் அடிக்குது?' எல்.இ.டி. மாட்டின பைக்கைப் பார்த்ததும் ஹாஸ்டல் பார்க்கிங்கில் வரும் முதல் கமென்ட் இதுதான். பல்பு மேல தப்பில்லை பாஸ்... வில்லன், உள்ளே ஒளிஞ்சிருக்கும் ஃப்ளாஷர்!

பழைய இண்டிகேட்டர் பல்பு பொதுவா 10 வாட். ஒரு பக்கத்துக்கு ரெண்டு பல்பு, ஆக 20 வாட். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.7 ஆம்பியர் ஓடும். எல்.இ.டி.யோ ஓரிரு வாட்டில் வேலையை முடிச்சிடும். கரன்ட் குறைஞ்சதும், 'ஒரு பல்பு ஃபியூஸ்' என்று நினைத்து ஃப்ளாஷர் படபடக்கும். சில பழைய ரகம் சிமிட்டவே சிமிட்டாது.

இதற்கு வழி ரெண்டு. ஒன்று, பல்புக்கு இணையாக ரெஸிஸ்டர் போடுவது. 10 வாட் இழுக்க சுமார் 14 ஓம்ஸ் வேணும். ஆனா, மிச்சமான கரன்ட் எல்லாம் சூடாப் போயிடும். வயர் பக்கத்தில் வெச்சா, இன்சுலேஷன் உருகும். ரெண்டாவது, எல்.இ.டி.க்கான எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாட்டுவது. என் ஓட்டு இதுக்குத்தான்!

லெஃப்ட் போட்டா நாலும் எரியுதா? மீட்டரில் இருக்கும் ஒத்தை இண்டிகேட்டர் லைட் வழியா கரன்ட் அந்தப் பக்கமும் தாவுது. பழைய பல்பு அந்தத் துளி கரன்ட்டுக்கு அசையாது, எல்.இ.டி. எரிஞ்சிடும். ரெண்டு பக்கத்திலிருந்தும் மீட்டர் லைட்டுக்கு ஆளுக்கொரு டையோடு வெச்சு, லைட்டோட மறுமுனையை எர்த் பண்ணினா பிரச்னை க்ளோஸ்.

வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிடுங்க. எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் உண்டு. மாத்திக் கொடுத்தா எரியாது.

கடைசியா, சீரியஸா ஒரு விஷயம். நீலம், பச்சைன்னு கலர் காட்ட இது கல்ச்சுரல்ஸ் மேடை இல்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில்தான் இருக்கணும். நிமிஷத்துக்கு 60-க்குக் குறையாமல், 120-க்கு மிகாமல் சிமிட்டணும். மாட்டி முடிச்சதும் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, இருபதடி தள்ளி நின்னு பாருங்க. கண்ணுக்குத் தெரியலையா? யோசிக்காம பழசையே மாட்டிடுங்க.

ஏன்னா, ஸ்டைல் உங்களுக்கு... சிக்னல், பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு!