பேஸ்மென்ட் ரூம் காட்டுமன்னார்கோயிலில் சரிப்பட்டு வருமா? பள்ளமாகிப்போன தரைத்தளத்தை வாழும் இடமாக்குவது எப்படி?

யூடியூப்பில் ‘பேஸ்மென்ட் மேக்ஓவர்’ என்று தேடினால் வீடியோக்கள் வரிசைகட்டி வரும். தூசி படிந்த நிலத்தடி அறை ஒன்று, பத்தே நிமிடத்தில் ஹோம் தியேட்டராகவோ, ஜிம்மாகவோ, ஆபீஸ் ரூமாகவோ மாறியிருக்கும். வொர்க் ஃப்ரம் ஹோம் வந்த பிறகு, ‘ஊரில் இருக்கும் நம்ம வீட்டிலும் இப்படி ஒரு ரூம் இருந்தா எப்படி இருக்கும்?’ என்று யோசிக்கும் இளைஞர்கள் அதிகம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் வீடு இருப்பவர்கள் அந்த ஆசையோடு செலவில் இறங்கும் முன், சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கே பல வீடுகளில் ஒரு ‘பேஸ்மென்ட்’ ஏற்கெனவே உருவாகிவிட்டது. அதை யாரும் தோண்டவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊர் ‘பேஸ்மென்ட்’ வேற!

காட்டுமன்னார்கோயிலில் ஒரு கொத்தனாரிடம் போய் “அண்ணே, வீட்டுக்கு பேஸ்மென்ட் போடணும்” என்று சொல்லிப் பாருங்கள். “எத்தனை அடி உசத்தணும் தம்பி?” என்றுதான் கேட்பார். அமெரிக்காவில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறை. தமிழ்நாட்டுக் கட்டுமான வழக்கில் அஸ்திவாரத்துக்கு மேலே தரைமட்டம் வரை எழுப்பும் மேடைதான் பேஸ்மென்ட். ஒரே சொல், நேர் எதிரான திசை.

இந்த வித்தியாசத்துக்கு மண்ணும் தண்ணீரும்தான் காரணம். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் நிலம் உறைந்து, உப்பி மேலெழும். அது வீட்டை அசைக்காமல் இருக்க, உறையும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போட வேண்டும். எப்படியும் அவ்வளவு தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைக்குமே என்ற கணக்கில் அங்கே பேஸ்மென்ட் பழக்கமானது. நம்ம ஊரில் நிலம் உறைவதில்லை. வெள்ளம்தான் வரும். அதனால் காவிரி டெல்டாவில் வீடுகள் திண்ணை வைத்து மேலே ஏறின. நெல்லும்கூட பத்தாயத்திலும் பரணிலும்தான் இருந்தது.

தண்ணீர் சூழ்ந்த ஊர்

காட்டுமன்னார்கோயில் இருக்கும் இடத்தை மேப்பில் பாருங்கள். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, பக்கத்திலேயே வீராணம் ஏரி. 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. 2004-லிருந்து சென்னைக்குக் குடிநீரும் போகிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் உபரி நீர் வெள்ளியங்கால் ஓடையில் திறக்கப்படும். அப்போது திருநாரையூர் போன்ற கிராமங்களில் வயலும் தெருவும் ஒன்றாகிவிடும்.

சம்பா பருவத்தில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். களிமண் வேறு. ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தடி அறை கட்டினால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு

10-க்கு 12 அடியில் ஓர் அறை, பரப்பு சுமார் 11 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் சுற்றியிருக்கும் நிலத்தடி நீர், அறையின் தரையைவிட 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு மீட்டர் நீர் உயரமும், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் ஒரு டன் விசையோடு கீழிருந்து மேலே தள்ளும். அப்படியானால் அந்தத் தரையின் மேல் விழும் மொத்த விசை 16 டன்னுக்கும் அதிகம். ஆனால் 6 அங்குல கான்கிரீட் தரையின் எடை 4 டன்னைச் சுற்றித்தான் வரும்.

அதாவது, தரையைச் சுவரோடும் கம்பியோடும் முறையாகப் பிணைத்துக் கட்டாவிட்டால், அது வெடித்துத் தண்ணீர் உள்ளே வரும். பெரிய கட்டடங்களில் தடிமனான ராஃப்ட் ஸ்லாப், வெளிப்பக்க வாட்டர்புரூஃபிங், 24 மணி நேர பம்ப் எல்லாம் வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். தனி வீட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. மழை வெளுத்து வாங்கும் ராத்திரியில் கரன்ட் போனால் பம்பும் நின்றுவிடும்.

பணம் இருக்கு, கட்டிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2021 செப்டம்பர் 1 இரவு, ‘ஐடா’ புயலின் மிச்சம் நியூயார்க்கில் கொட்டிய மழையில், பேஸ்மென்ட் வீடுகளில் இருந்த 11 பேர் இறந்தார்கள். 2024 ஜூலை 27 அன்று டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்துக்குள் மழைநீர் புகுந்து, சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 3 பேர் உயிரிழந்தார்கள். அந்த இடத்துக்குக் கிடைத்த அனுமதி பொருட்கள் வைக்கவும் பார்க்கிங்குக்கும்தான். வெளியே தண்ணீர் உயர்ந்தால் கதவைத் திறக்க முடியாது. பேஸ்மென்ட்டின் பெரிய ஆபத்து அதுதான்.

ஆக, புதுசாகத் தோண்டும் யோசனையை இங்கே விட்டுவிடலாம்.

தோண்டாமலே ‘பேஸ்மென்ட்’ ஆன வீடுகள்

30, 40 வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளைப் பாருங்கள். அப்போது தெருவிலிருந்து மூணு படி ஏறி உள்ளே போனார்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே புது அடுக்கு விழுந்தது. சில அங்குலங்கள் சேர்ந்து அடிக்கணக்காக ஆனது. இன்று அதே வீட்டுக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு என்று போய்விட, அப்பா அம்மா அந்த ஓதம் ஏறிய தரைத்தளத்தில்தான் இருக்கிறார்கள். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், கடலூர் என எங்கும் பழைய தெருக்களில் இந்தக் காட்சி உண்டு.

இதைத் தடுக்க, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதாவது ‘மில்லிங்’ செய்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் ரோடு வேலை ஆரம்பிக்கும்போது பேரூராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ இதைச் சுட்டிக்காட்டி மனு கொடுக்கலாம். ரோடு போட்டு முடித்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஏற்கெனவே பள்ளமாகிவிட்ட வீட்டுக்கு என்ன வழி? மேக்ஓவர் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்டெப் 1: ஈரம் எங்கிருந்து வருது?

ஒரு சதுர அடி பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் நீர் கோத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே கோத்திருந்தால் அது காற்றில் இருக்கும் ஈரம், காற்றோட்டம்தான் பிரச்னை. சுவரில் 3 அடி உயரம் வரை மட்டும் பெயின்ட் உரிந்து உப்பு பூத்திருந்தால், அதுவும் மண் ஈரம்தான். மேலிருந்து கீழே வழிந்த கறை என்றால் மொட்டை மாடியையோ பைப்பையோ பாருங்கள்.

இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்யுங்கள். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மட்டும் பார்த்தால் வீடு நல்லாத்தான் இருக்கும்.

ஸ்டெப் 2: சுவரை மூச்சுவிட விடுங்க

பலரும் செய்யும் தப்பு, ஈரச் சுவரின் மேல் டைல்ஸோ பிவிசி பேனலோ ஒட்டுவது. போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் ஈரம் உள்ளேயே தங்கி, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே இன்னும் உயரமாக ஏறும். பேனலுக்குப் பின்னால் பூஞ்சையும் கரையானும் குடியேறும்.

செங்கல், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மண்ணின் நீரை மேலே இழுக்கும். அதைத் தடுக்கும் ‘டிபிசி’ என்ற ஓதத்தடுப்பு அடுக்கு பல பழைய வீடுகளில் இருக்காது, இருந்தாலும் ரோட்டுக்குக் கீழே புதைந்திருக்கும். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலிக்கான் வகை ரசாயனத்தைச் செலுத்தி புதிய தடுப்பை உருவாக்கலாம். அதோடு, ஈரக் கறைக்கு மேலே ஓர் அடி வரை பழைய பூச்சை உடைத்தெடுத்து, சில வாரங்கள் காயவிட்டு, அப்புறம் பூச வேண்டும். சித்துக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் என்றால் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் போகும்.

ஸ்டெப் 3: தரையை உயர்த்தலாமா?

‘மண்ணைக் கொட்டி உசத்திடலாம்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுத் தரை, சுற்றியுள்ள நிலத்தைவிட குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். வாழும் அறையின் உயரம் 2.75 மீட்டர், சுமார் 9 அடி இருக்க வேண்டும். உங்கள் அறை 10 அடி உயரம், ரோடு ஒன்றரை அடி மேலே என்றால், விதிப்படி 3 அடி நிரப்ப வேண்டும். மிச்சம் 7 அடிதான். கையைத் தூக்கினால் ஃபேனில் படும். கதவு, ஜன்னல், லின்டல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

அதனால் ஓர் அடிக்குள் உயர்த்தினால் போதும் என்ற நிலையில்தான் இது நடைமுறைக்கு ஒத்துவரும். அப்போதும் களிமண் கொட்டக் கூடாது. நன்றாகக் கெட்டித்த மணல் அல்லது கிராவல், கரையான் மருந்து, அதன் மேல் கனமான பாலித்தீன் ஷீட், பிறகு கான்கிரீட், கடைசியில் டைல்ஸ் என்ற வரிசை முக்கியம். அந்த ஷீட்டை விட்டுவிட்டால் செலவழித்த பணம் வீண்.

ஸ்டெப் 4: காற்று, கரன்ட், கழிவுநீர்

காற்று: ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம்ம பகுதிக்கு, ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. எதிரெதிர்ச் சுவர்களில் பிரித்து வைத்தால் நல்லது. முடியாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

கரன்ட்: பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் 4 அடிக்கு மேலே ஏற்றுங்கள். தரைத்தளத்துக்குத் தனி மெயின் சுவிட்சும், கசிவு மின்சாரத்தை உணர்ந்து தானே அணையும் ஆர்சிசிபியும் வைப்பது உயிரைக் காக்கும். வெள்ளம் வரும்போது மாடிக்குக் கரன்ட் இருக்க, கீழே மட்டும் அணைக்க முடியும்.

கழிவுநீர்: ரோட்டைவிடக் கீழே இருக்கும் பாத்ரூமில், மழைக்காலத்தில் சாக்கடை நீர் திரும்பி வரும். குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு வைத்தால் அது ஒரு திசையில் மட்டும் போகும்.

வீட்டையே தூக்கலாமா, மாடி கட்டலாமா?

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை இப்போது தமிழ்நாட்டில் பரவலாகிவிட்டது. ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள்தான் இதைப் பிரபலமாக்கின. சுவருக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். உயர்ந்த இடைவெளியில் புதுச் சுவர் எழுப்புவார்கள்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், சுவரும் கூரையும்தான் மேலே போகும், தரை கீழேயே நிற்கும். உள்ளே மணல் நிரப்பி, புதுத் தரை போட்டு, பைப் லைன் எல்லாம் மாற்ற வேண்டும். கொட்டேஷனில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சிமென்ட் கலவையில் உறுதியாகக் கட்டிய வீடுகளுக்கு இது பொருந்தும். மண் சாந்தில் கட்டிய பழைய ஓட்டு வீடு என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்காமல் ஜாக்கி பக்கம் போகவே கூடாது.

மூன்றாவது வழி, கீழே குறைந்த செலவில் சரிசெய்துவிட்டு மேலே ஓர் அறை கட்டுவது. அஸ்திவாரம் தாங்குமா என்று பார்த்து, பேரூராட்சியில் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும்.

கீழே யார், மேலே யார்?

சரிசெய்த தரைத்தளம் பகல் நேர ஆபீஸ், பிள்ளைகள் விளையாட, டியூஷன் எடுக்க, கடை வைக்க நல்ல இடம். கோடையில் மாடியைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் பத்திரம், சர்டிஃபிகேட், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் எதையும் தரையோடு வைக்காதீர்கள்.

படுக்கும் இடம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். முட்டி வலி என்பதால் வயதானவர்களுக்குக் கீழ் அறை, ஊரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கு மாடியில் ஏசி அறை என்பதுதான் பல வீடுகளின் ஏற்பாடு. பூஞ்சை பிடித்த அறை ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்களுக்கு ஆகாது. ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் புகுந்தால் வேகமாக எழுந்து வர முடியாதவர்களும் அவர்கள்தான். கைப்பிடி வைத்த, உயரம் குறைந்த படிகளோடு மாடிக்கு ஒரு வழி செய்து, மழைக்கால மூன்று மாதமாவது அவர்களை மேலே படுக்கவைக்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு அளவு டேப் எடுத்துப் போங்கள். ரோட்டிலிருந்து வீட்டுத் தரை எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது, தரையிலிருந்து கூரை எத்தனை அடி, பிளக் பாயின்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்ற மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜினீயரிடமோ கொத்தனாரிடமோ பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.