உஷார்! ‘மண்ணிலிருந்து இலவச மின்சாரம்’ உயிரைக் குடிக்கும்

தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடிக்கிறார்கள். அதைச் சுற்றி ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒயரை மாட்டியதும் பல்ப் பளிச்சென்று எரிகிறது. ‘இனி கரண்ட் பில்லே கட்ட வேண்டாம்’ என்று வீடியோ முடிகிறது. இதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளை கொல்லைப்புறத்தில் கம்பியும் கையுமாக நின்றால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தடுங்கள். விளையாட்டாகத் தொடங்குவது உயிரில் போய் முடியும்.

அப்படிப் பளிச்சென்று எரியும் பல்புக்குக் கரண்ட் கொடுப்பது மண் அல்ல. எங்கோ மறைவாக மின்வாரியத்தின் ஃபேஸ் ஒயர் இருக்கிறது. தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால் ஃபேஸ் ஒயருக்கும் தரைக்கும் இடையே எப்போதும் சுமார் 230 வோல்ட் நிற்கிறது. ஃபேஸில் ஒரு முனையையும் எர்த் கம்பியில் மறு முனையையும் கொடுத்தால் பல்ப் எரியத்தான் செய்யும். கரண்ட் வருவது லைனிலிருந்து. மண் அது திரும்பிப் போகும் வழி மட்டுமே.

அந்த வழியில் மனிதன் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? 60 வாட் குண்டு பல்பில் ஓடுவது ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர். வீட்டில் உயிர்காக்க மாட்டும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டித்துவிடும். அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பே குலையும் என்பதால்தான் இந்த அளவு. எர்த் கம்பியிலிருந்து ஒயர் கழன்று, அதை ஒருவர் ஈரக் கையால் எடுத்தால் அவர் உடல்தான் அடுத்த பாதை. இணைப்பு கொடுத்ததும் ஆர்சிசிபி விழுகிறது என்று அதைக் கழற்றுபவர்கள், காப்பாற்ற வந்த கையைத் தாங்களே வெட்டுகிறார்கள்.

கம்பியைத் தொடாமல் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். மோட்டார், ஹீட்டர் போன்ற பெரிய லோடு மண் வழியாகத் திரும்பும்போது, கம்பியைச் சுற்றியுள்ள தரையிலேயே வோல்ட்டேஜ் பரவும். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே அது ஷாக் அடிக்கும். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் ஆடு மாடுகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

‘ஃபேஸைத் தொடவே இல்லை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில்தான் மாட்டுகிறோம்’ என்பது இன்னொரு வகை. சாதாரண நேரத்தில் அங்கே சில வோல்ட்தான் இருக்கும். ஆனால் லைனில் நியூட்ரல் அறுந்த நேரத்தில் அதே ஒயர் ஃபேஸைப் போலவே அடிக்கும். எந்த நிமிடம் அறும் என்று யாருக்கும் தெரியாது.

பணமாவது மிச்சமாகுமா? பெரும்பாலான மின்னணு மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கவனிக்கின்றன. எர்த் வழியாகத் திருப்பினாலும் யூனிட் ஏறும். மீட்டருக்கு முன்னால் எடுத்தால் அது மின்திருட்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

லைனே இல்லாமல் மண்ணில் கரண்ட் எடுக்க முடியாதா? முடியும், ஆனால் பயன்படாது. 1841இல் அலெக்சாண்டர் பெய்ன் செம்பையும் துத்தநாகத்தையும் மண்ணில் புதைத்துக் கடிகாரம் ஓட்டினார். அப்படி ஒரு ஜோடி கொடுப்பது ஒரு வோல்ட் அளவு, அதுவும் மில்லி ஆம்பியர் கணக்கில். சக்தி வருவதும் துத்தநாகம் அரிப்பதால்தான். ஒரு கிலோ துத்தநாகம் முழுவதும் கரைந்தாலும் கிடைப்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. வரிசையாகப் பல ஜோடி அடித்தாலும் வோல்ட்டேஜ் கூடாது. ஒரே ஈர மண் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசமாகவே கிடைக்கும்போது, ஒரு யூனிட்டுக்கும் குறைவான கரண்டுக்காக ஒரு கிலோ உலோகத்தை மண்ணில் கரைப்பது வீண்செலவு.

பூமியில் இயற்கையாக ஓடும் மின்னோட்டமும் உண்டு. 1859 செப்டம்பரில் வீசிய சூரியப் புயலின்போது அமெரிக்காவில் பேட்டரியைக் கழற்றிவிட்டே தந்தி அனுப்பினார்கள். அதற்கு வேண்டியிருந்தது நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கம்பியும் அபூர்வமான புயலும். 1989 மார்ச்சில் அதே வகைப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே இருளில் தள்ளியது. கொல்லைப்புறத்துக் கம்பியில் பிடிக்கக்கூடிய சக்தி அல்ல இது.

ஆகவே:

● ‘பூமி மின்சாரக் கருவி’ என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.
● எர்த் குழியில் பல்போ மோட்டாரோ இணைக்காதீர்கள். எர்த் ஒயர் உங்களைக் காப்பாற்ற மட்டுமே.
● வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால் உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.
● யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.
● கம்பத்திலோ தரையிலோ கரண்ட் கசிந்தால் விலகி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அந்த வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, இது ஏன் ஆபத்து என்று இன்றே சொல்லுங்கள்.