சுமாத்ரா பக்கம் பூமி அடிக்கடி ஆடுவது ஏன்?

இந்தோனேசியாவில் பூமியதிர்ச்சி என்று ரேடியோவில் சொன்னால் போதும், நம்ம லயங்களிலும் அதே பேச்சுதான். "இங்கேயும் வருமா? மலை இடிஞ்சு விழுமா?" என்று பலரும் எங்களிடம் கேட்கிறார்கள். ஆகவே இம்முறை அதைப்பற்றிப் பார்ப்போம்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இந்து சமுத்திரத்தின் அடியிலுள்ள தட்டு, சுமாத்ரா, ஜாவா தீவுகளைத் தாங்கும் தட்டின் கீழே போய்ச் செருகுகிறது. வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஆனால் அது வழுக்கிக்கொண்டு போவதில்லை. இரண்டு தட்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். மூங்கிலை வளைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படீரென்று முறியும் அல்லவா? அதுபோல, நூறு இருநூறு வருஷமாகச் சேர்ந்த விசை சில நிமிஷத்தில் வெளியே பாய்கிறது. அதுதான் பூமியதிர்ச்சி.

2004 டிசம்பர் 26 காலை நடந்தது இதுவே. அளவு 9.1. கடலடி சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, தண்ணீரை மேலே தூக்கிவிட்டது. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் சுனாமி நம் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓரிடத்தில் விசை விடுபட்டால் பக்கத்து இடத்தில் பாரம் ஏறும். 2005இல் நியாஸ் தீவருகே 8.6, 2007இல் பெங்குலு அருகே 8.4 என்று அடுத்தடுத்து ஆடியது.

எல்லா அதிர்ச்சியும் சுனாமியைக் கொண்டு வராது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவில் ஆடியது. இலங்கைக் கரையிலிருந்தும் ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஆனால் அன்று பாறைகள் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை.

அளவு சிறிதென்றால் ஆபத்தும் சிறிது என்று நினைக்கக் கூடாது. 2022 நவம்பர் 21இல் மேற்கு ஜாவாவின் சியாஞ்சூரில் வந்தது வெறும் 5.6தான். 300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதிர்ச்சி அதிக ஆழத்தில் இல்லை. கம்பி கட்டாத செங்கல் வீடுகள் நொறுங்கின. மலைச்சரிவு இடிந்து பாதையையும் வீடுகளையும் மூடியது. அதுவும் நம்மைப்போல் மலைநாட்டு ஜனங்கள் வாழும் இடம்தான். 2009இல் பாடாங் பக்கம் 7.6 அளவில் ஆடியபோதும் மலையோரக் கிராமங்கள் மண்ணில் புதைந்தன.

பூமியதிர்ச்சி எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. "நாளைக்கு வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் விஷயம் தெரிந்திருந்தால் உயிர் தப்பலாம். சுமாத்ராவுக்குப் பக்கத்திலுள்ள சிமெலுவே தீவில் 1907இல் ஒரு சுனாமி வந்தது. "பூமி பலமா ஆடி, கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடு" என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தது ஏழு பேர் மட்டுமே.

நமது நாடு தட்டுகளின் விளிம்பிலிருந்து தூரத்தில் இருக்கிறது. 2020இல் கண்டி திகன பக்கம் உணரப்பட்டது போன்ற சிறு அதிர்வுகளே இங்கு வருவதுண்டு. நம்ம மலைக்கு ஆபத்து பெரும்பாலும் மழையால்தான். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை மறக்க முடியுமா? நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் கீறல், மரமும் தூணும் சாய்தல், புதிதாக ஊற்று கிளம்புதல், ஓடை திடீரெனக் கலங்குதல்: இவற்றைக் கண்டால் மழை விடட்டும் என்று காத்திராதீர்கள். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த நேரமே வெளியேறுங்கள். பிறகு தோட்டத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள். சாமான்களுக்காகத் திரும்பிப் போகவேண்டாம். சிமெலுவே பாட்டிமார் சொன்னதுபோல் இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.