உயிரணுவின் வாயிலில் ஒரு செய்தி

1960ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்னும் இரு ஆய்வாளர்கள், குருதியில் கலந்துள்ள இன்சுலினைக் கதிரியக்கத் தடயத்தின் துணைகொண்டு நுட்பமாக அளக்கும் முறையொன்றை விரிவாக வெளியிட்டனர். நீரிழிவு என்றால் இன்சுலின் பற்றாக்குறையே என்று மருத்துவ உலகம் பெரும்பாலும் நம்பியிருந்த காலம் அது. நடுத்தர வயதில் நோயுற்றோரின் குருதியை அளந்தபோது பலரிடம் இன்சுலின் குறையவில்லை; இயல்பைவிட மிகுந்தும் காணப்பட்டது. இன்சுலின் இருக்கிறது, அதன் பணி மட்டும் நடைபெறவில்லை. இது எவ்வாறு?

விடை, இயக்குநீரில் அன்று, அதனை எதிர்கொள்ளும் உயிரணுவில் இருந்தது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான பெப்டைடு. கணையமே சுரக்கும் குளூக்ககானில் 29 அமினோ அமிலங்கள் உள்ளன. இவை நீரில் கரைபவை; உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வோ கொழுப்பாலானது. ஆகவே ஸ்டீராய்டு இயக்குநீர்கள் சவ்வை ஊடுருவிச் செல்வதுபோல் இவற்றால் செல்ல இயலாது. (உணவுப் புரதத்தைப் போலவே இரைப்பையும் குடலும் இன்சுலினையும் செரித்துவிடும் என்பதால்தான், அதனை விழுங்காமல் ஊசி வழியே செலுத்துகிறோம்.) வாயிலுக்கு வெளியே நிற்கும் ஒன்று, உள்ளே நடப்பதை எப்படி மாற்றுகிறது?

இதற்கு வழிகாட்டியது ஏர்ல் சதர்லாந்து 1950களின் பிற்பகுதியில் நடத்திய எளிய, ஆனால் அழகான ஆய்வு. கல்லீரலை அரைத்த கலவையில் குளூக்ககானையோ அட்ரினலினையோ சேர்த்தால், கிளைக்கோஜனைச் சிதைக்கும் நொதி விழித்தெழுந்தது. கலவையைச் சுழற்றிச் சவ்வுத் துணுக்குகளை நீக்கிவிட்டால் அந்த விளைவு மறைந்தது. நீக்கிய துணுக்குகளோடு மட்டும் இயக்குநீரைச் சேர்த்து, பின்பு அதனைக் கொதிக்கவைத்து, அந்நீரைத் தெளிந்த பகுதியில் ஊற்றினார். நொதி மீண்டும் விழித்தது. கொதித்தும் அழியாத ஏதோ ஒரு சிறு பொருள், சவ்வில் பிறந்து செய்தியை உள்ளே கொண்டு செல்கிறது என்பது தெளிவாயிற்று. சைக்ளிக் ஏ.எம்.பி. என்று பெயர் பெற்ற அதனை அறிவியலாளர் 'இரண்டாம் தூது' என்பர். சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வில் நடப்பதை மார்ட்டின் ராட்பெல், ஆல்ஃபிரட் கில்மன் ஆகியோரின் ஆய்வுகள் விளக்கின. குளூக்ககானின் ஏற்பி, சவ்வை ஏழுமுறை குறுக்கே கடந்து மடிந்துள்ள ஒரு புரதம். வெளிமுனையில் குளூக்ககான் பொருந்தியதும் அதன் வடிவம் சற்றே மாறுகிறது. அம்மாற்றம் உட்புறம் காத்திருக்கும் ஜி-புரதத்தைத் தூண்ட, அது அருகிலுள்ள நொதியை இயக்க, சைக்ளிக் ஏ.எம்.பி. பெருமளவில் உருவாகிறது. ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுவதால், குருதியிலுள்ள மிகச் சொற்ப இயக்குநீரே கல்லீரலின் போக்கை மாற்றிவிடும். நோன்பின் பிற்பகல் வேளையிலும் மூளைக்குக் குளூக்கோஸ் தடையின்றிக் கிடைப்பதில் இதற்குப் பெரும்பங்குண்டு. செய்தியை நிறுத்துவதும் தொடங்குவதைப் போலவே இன்றியமையாதது, சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைக்கவே தனி நொதிகள் உள்ளன.

இன்சுலின் ஏற்பியின் வழி வேறு. அதில் இரு பகுதிகள் சவ்வுக்கு வெளியே நின்று இன்சுலினைப் பற்றுகின்றன. வேறிரு பகுதிகள் சவ்வைக் கடந்து உள்ளே நீள்கின்றன. அவ்வாறு நீண்ட பகுதியே ஒரு நொதி என்பது 1982இல் தெரியவந்தது. இன்சுலின் பொருந்தியதும் அது டைரோசின் என்னும் அமினோ அமிலங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. முதலில் தன்மீதே, பின்னர் அருகிலுள்ள ஐ.ஆர்.எஸ். புரதங்களின்மீது. அங்கிருந்து செய்தி கைமாறிக் கைமாறிச் செல்ல, தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ளே ஒதுங்கியிருக்கும் குளூட்-4 என்னும் கடத்துபுரதங்கள் சவ்வின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. குளூக்கோஸுக்குக் கதவு திறப்பவை இவையே.

யாலோவும் பெர்சனும் கண்ட புதிர் இங்கே அவிழ்கிறது. இன்சுலின் நெடுங்காலம் மிகுந்திருந்தால் உயிரணு தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. ஆயினும் பெரும்பாலான நோயாளிகளிடம் முதன்மையான பழுது ஏற்பிக்கு அப்பால், செய்தி கைமாறும் படிகளில்தான் உள்ளது. தசையிலும் கல்லீரலிலும் அளவுமீறிச் சேரும் கொழுப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்ட முயல்கிறது. அது தளரும்போது குருதியில் சர்க்கரை உயர்கிறது. கணையத்தின் பீட்டா உயிரணுக்களே அழிந்துபோகும் முதல் வகை நீரிழிவு முற்றிலும் வேறு; அங்கே இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, அண்டை வீட்டார் நலமடைந்த முறையைத் தாமும் பின்பற்றுவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர்.

தசை சுருங்கும்போது குளூட்-4 மேற்பரப்புக்கு வர மற்றொரு வழியும் உண்டு. அதற்கு இன்சுலின் ஏற்பியின் தயவு தேவையில்லை. இரண்டாம் வகை நோயாளியின் தசையிலும் அவ்வழி பெரிதும் பழுதுபடாமல் இருக்கிறது. மருத்துவர் மருந்துச்சீட்டோடு நாள்தோறும் நடக்கச் சொல்வது அதனால்தான்.